14 மாதங்கள் கழித்துத் திரும்பியிருக்கிறேன். மகனோடு முகாமுக்குப் போகலாமா?

திரும்பியவன் எழுதியது:

வணக்கம். இதுவரை இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துவந்தேன். இன்று எனக்கே கேட்க வேண்டியிருக்கிறது.

14 மாதப் பணி முடிந்து வீடு திரும்பி ஆறு வாரங்கள் ஆகின்றன. போகும்போது மகனுக்கு 13 வயது, என் தோள் உயரம். இப்போது 15 நெருங்குகிறது, என்னைவிட ஓர் அங்குலம் உயரம். குரலும் உடைந்துவிட்டது. அந்தக் குரலைத் தொலைபேசியில் கேட்டுப் பழகியவன்தான் நான். ஆனாலும் அடுத்த அறையிலிருந்து அது வரும்போது, வீட்டுக்குள் யாரோ வேற்றாள் வந்துவிட்டதுபோல ஒரு கணம் திடுக்கிடுகிறேன்.

எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. கேட்டால் பதில் சொல்கிறான். "ஆமாம்", "இல்லை", "தெரியவில்லை". அதற்குமேல் ஒரு சொல் வருவதில்லை.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன். இரவு பத்து மணிக்கு வெளிக்கதவைப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் படுக்கப் போனேன். சற்று நேரத்தில் அவன் வந்து பூட்டை இழுத்துப் பார்த்தான். அங்கேயே கொஞ்ச நேரம் நின்றான். பிறகு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். மறுநாள் முழுவதும் அந்த ஒற்றைச்சொல் பதில்கூட வரவில்லை. நான் செய்த தவறு என்னவென்று எனக்கு விளங்கவே இல்லை.

படைவீரர்களையும் அவர்களுடைய பதின்வயதுப் பிள்ளைகளையும் சேர்த்து அழைத்துப்போகும் நான்கு நாள் முகாம் ஒன்று இருக்கிறது என்று நண்பர் சொன்னார். ஏரியில் படகு, பாறை ஏற்றம், காட்டு வழியில் நடை, இரவில் கூடாரம். இடம் கேட்டுப் பதிவும் செய்துவிட்டேன். இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. வீட்டில் எட்டடி தூரத்தில் இருக்கும் மௌனத்தை ஒரே கூடாரத்துக்குள் கொண்டுபோய் வைத்துக்கொள்ளப் போகிறேனோ என்று அஞ்சுகிறேன். போய்வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கயிறும் துடுப்பும் எழுதியது:

நான் இத்தகைய முகாம்களில் வழிகாட்டியாக இருப்பவன். பதினொரு வருடங்கள் ஆகின்றன. உங்கள் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

போங்கள். ஆனால் பேசுவதற்காகப் போகிறோம் என்று நினைத்துப் போகாதீர்கள். மகனும் நீங்களும் எதிரெதிரே உட்கார்ந்து மனம் திறக்கப்போகும் இடம் அதுவன்று. இருவருக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கும், இருவரின் கண்ணும் அதன்மேல் இருக்கும். நனைந்த கயிற்றை அவிழ்க்கும்போதும், எந்தப் பாதை மேட்டுக்குப் போகிறது என்று வரைபடத்தை விரித்துப் பார்க்கும்போதும் பேச்சு தானாக வரும். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டாம் என்பதே பிள்ளைகளுக்குப் பெரிய விடுதலை.

முதல் நாள் இருவர் துடுப்புப் படகில் ஏற்றுவார்கள். அதில் முன்னால் இருப்பவர் வேகத்தைக் கொடுப்பார். திசையைத் தீர்மானிப்பவர் பின்னால் இருப்பவர். வருகிற தந்தையர் எல்லாருமே, ஏறக்குறைய யோசிக்காமலேயே, பின்னால் போய் உட்காருகிறார்கள். நீங்கள் முன்னால் உட்காருங்கள். முன்னால் இருப்பவருக்குப் பின்னால் நடப்பது தெரியாது. மகன் என்ன செய்கிறான் என்று திரும்பித் திரும்பிப் பார்த்தால் படகு ஆடும். நம்பித் துடுப்பு போடுவதைத் தவிர வேறு வழி இல்லை. படகு வளைந்து வளைந்து போகும், கரையில் முட்டும். முட்டட்டும். திருத்தம் சொல்லாமல் ஓர் அரைமணி நேரம் உங்களால் இருக்க முடிந்தால், அந்த அரைமணி நேரத்தில் அவன் உங்களைப் பற்றிப் புதிதாக ஒன்றைத் தெரிந்துகொள்வான்.

இரண்டாம் நாள் பாறை. அங்கே கீழே நின்று கயிற்றைப் பிடிக்கும் வேலையை அவனுக்குக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். முறையாகக் கற்றுக்கொடுத்து, பக்கத்தில் ஒரு வழிகாட்டியும் நின்றுகொண்டுதான் செய்யவிடுவோம். ஆனாலும் உங்கள் எடை அவன் கையில் இருக்கும். மேலே போய்க் கயிற்றில் உடலைச் சாய்த்துக் கையை விட வேண்டிய நொடி ஒன்று வரும். அந்த நொடியில் உங்கள் முகத்தில் தெரிகிற பயத்தை மறைக்க வேண்டாம்.

இன்னொன்று, படைச் சீருடைத் துணிகளையும் படையில் கொடுத்த முதுகுப்பையையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே பையை வாங்கிக்கொள்ளுங்கள்.

---

காத்திருந்தவள் எழுதியது:

தம்பி, அந்தப் பூட்டைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன்.

நானும் ஒரு படைவீரரின் மனைவி. மூன்று முறை அவரை அனுப்பிவைத்து, மூன்று முறை வரவேற்றிருக்கிறேன். நீங்கள் இல்லாத 14 மாதமும் இரவில் அந்தக் கதவைப் பூட்டியது யார் என்று உங்கள் மனைவியிடம் கேட்டீர்களா? அவன்தான் பூட்டியிருப்பான். 13 வயதுப் பையன் ஒவ்வோர் இரவும் அம்மாவும் தானும் பத்திரமாக இருக்கிறோம் என்று பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தூங்கியிருப்பான். 400 இரவுகளுக்கு மேல் செய்த வேலையை ஒரு சொல்லும் இல்லாமல் நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். அவன் கோபப்படவில்லை. தனக்கு இந்த வீட்டில் இனி என்ன இடம் என்று தெரியாமல் நின்றிருக்கிறான்.

பாலின் பாஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில், வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களோடு பழகி ஒரு கருத்தை எழுதினார். தெளிவற்ற இழப்பு என்று அதைத் தமிழில் சொல்லலாம். ஆள் இல்லை, ஆனால் இறந்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது. அந்தக் குடும்பம் அவரை உள்ளே வைத்து வாழ்வதா, வெளியே வைத்து வாழ்வதா என்று தெரியாமல் திணறுகிறது. நம் வீடுகளில் அது சிறிய அளவில் நடக்கிறது. அப்பா இருக்கிறார், ஆனால் இல்லை. அவர் இல்லாமல் வாழப் பழகிக்கொள்ள வேண்டும், பழகிக்கொண்டால் அது துரோகம்போல உறுத்தும். பிள்ளை ஒருவழியாகப் பழகி முடிக்கும்போது அவர் கதவைத் தட்டுகிறார்.

முகாமுக்கு முன்னால் அந்தச் சாவியை அவனிடம் கொடுங்கள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு படகின் பின்பக்கத்தை மட்டும் கொடுத்தால், அவன் அதை விளையாட்டு என்றுதான் எடுத்துக்கொள்வான்.

---

ஓய்வுபெற்ற காலாள் எழுதியது:

எல்லாரும் நல்லதையே சொல்கிறீர்கள். என் கதையையும் அந்தத் தம்பி கேட்டுவிட்டுப் போகட்டும்.

என் மகளுக்கு 16 வயதானபோது இப்படி ஒரு முகாமுக்கு அழைத்துப்போனேன். ஐந்து நாளில் உறவு புதுப்பிக்கப்படும் என்று அவர்களுடைய அறிவிப்பில் எழுதியிருந்தது. நான் அதை முழுமையாக நம்பினேன். முதல் நாள் காலை நாலரைக்கு எழுந்து அவளையும் எழுப்பினேன். படுக்கைப் பையை அவள் சுருட்டிய விதம் சரியில்லை என்று பிரித்து மறுபடி சுருட்டவைத்தேன். நடையில் அவள் பின்தங்கியபோது, என் ஆட்கள் இதைவிட மூன்று மடங்கு எடையோடு நடந்தார்கள் என்றேன். அவள் காலில் கொப்புளம் உடைந்திருந்தது அன்று மாலை காலணியைக் கழற்றியபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்பது அவளுக்குத் தெரியும்.

வீட்டில் நான்கு அறைகள் இருந்தன, நாங்கள் ஒருவருக்கொருவர் விலகிப்போக வழி இருந்தது. காட்டில் அதுவும் இல்லை. வீட்டில் அரைகுறையாகத் தெரிந்த என் குணம் அங்கே முழுதாகத் தெரிந்தது. இப்போது அவளுக்கு 23 வயது. வேறு ஊரில் இருக்கிறாள். விசேஷ நாட்களில் அவள் அம்மாவின் தொலைபேசியில் என் நலம் விசாரிப்பாள்.

முகாம் மருந்து இல்லை, தம்பி. நாம் எதைக் கொண்டுபோகிறோமோ அதைத்தான் அது பெரிதாக்கிக் காட்டும். போவதற்கு முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

---

ஏழு பள்ளிகள் எழுதியது:

நான் பிள்ளைகள் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு 20 வயது. அப்பாவின் இடமாற்றங்களால் ஏழு பள்ளிகளில் படித்தேன்.

காலாள் ஐயா, உங்கள் பதிவைப் படித்து நெடுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உங்கள் மகள் உங்கள் வாயால் இதைக் கேட்டிருக்கிறாளா என்று தெரியவில்லை. கேட்டால் அவளுக்கு அது பெரிய விஷயமாக இருக்கும்.

என் அனுபவம் வேறு. 14 வயதில் முதலில் நான் மட்டும் தனியாக ஒரு முகாமுக்குப் போனேன். அங்கே எல்லாரும் படைவீட்டுப் பிள்ளைகள். முதல் இரவு தீயைச் சுற்றி உட்கார்ந்தபோது ஒரு பையன், செய்தியில் தாக்குதல் என்று வந்தால் உடனே வீட்டு வாசலைத்தான் பார்ப்பேன் என்றான். அங்கே இருந்த இருபது பேரும் தலையாட்டினோம். பள்ளியில் இதை நான் யாரிடமும் சொன்னதே இல்லை. சொன்னால் பாவம் என்று பார்ப்பார்கள், இல்லையென்றால் உன் அப்பா யாரையாவது சுட்டிருக்கிறாரா என்று கேட்பார்கள். அங்கே இரண்டும் இல்லை.

அமெரிக்காவில் ஆப்பரேஷன் பர்ப்பிள் என்ற பெயரில் 2004 முதல் இப்படிப் பிள்ளைகளுக்கான இலவச முகாம்கள் நடக்கின்றன. நேஷனல் மிலிட்டரி ஃபேமிலி அசோசியேஷன் என்ற அமைப்பு நடத்துகிறது. எல்லாப் படைகளின் நிறங்களும் கலந்தால் ஊதா என்ற எண்ணத்தில் வைத்த பெயர் அது. எந்தப் படை, எந்தப் பதவி என்ற கேள்வியே இல்லாமல் பிள்ளைகள் பிள்ளைகளாக இருக்கலாம். அடுத்த வருடம் நானும் அப்பாவும் சேர்ந்து ஒரு முகாமுக்குப் போனபோது, எனக்கு ஏற்கெனவே சொற்கள் இருந்தன. முதலிலேயே அப்பாவோடு போயிருந்தால் நானும் "தெரியவில்லை" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். அந்த வயதில் அது பொய்யும் இல்லை. எனக்கு உண்மையிலேயே தெரியாது.

எனவே, திரும்பியவன் ஐயா, அங்கே வரும் மற்றப் பிள்ளைகளோடு அவன் போக விரும்பினால் விட்டுவிடுங்கள். அவனோடு இருப்பதற்குத்தானே வந்தோம் என்று முகம் வாட வேண்டாம். அவர்களோடு இருந்துவிட்டுத்தான் உங்களிடம் வருவான்.

---

பள்ளி ஆலோசகர் எழுதியது:

ஏழு பள்ளிகளில் படித்த பெண் சொல்வதை வலுப்படுத்தும் ஆய்வு ஒன்று உண்டு. அதே ஆப்பரேஷன் பர்ப்பிள் முகாம்களுக்கு விண்ணப்பித்த ஏறத்தாழ 1,500 குடும்பங்களை ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனத்தினர் விசாரித்தார்கள். பிள்ளைகளின் வயது 11 முதல் 17. முடிவுகள் 2010இல் பீடியாட்ரிக்ஸ் என்ற குழந்தை மருத்துவ இதழில் வந்தன. பெற்றோர் வெளியே இருந்த மாதங்கள் கூடக்கூடப் பிள்ளைகளின் சிரமங்களும் கூடின. அந்தச் சிரமங்கள் பெற்றோர் திரும்பிவந்த பிறகும் தொடர்ந்தன. வயதில் மூத்த பிள்ளைகளும் பெண்பிள்ளைகளும் கூடுதலாகத் தடுமாறினார்கள். வீட்டில் இருந்த மற்றப் பெற்றோரின் மனநிலை எப்படி இருந்தது என்பதும் பிள்ளையின் நிலையோடு நேராகச் சேர்ந்திருந்தது. 14 மாதம் என்பது குறைந்த காலம் இல்லை, நண்பரே. ஆறு வாரத்தில் சரியாகவில்லையே என்று உங்களை நீங்களே நெருக்கிக்கொள்ள வேண்டாம்.

காலாள் ஐயா நாலரை மணிக்கு எழுப்பியதைச் சொன்னார். பருவமடையும் வயதில் உடலின் கடிகாரம் இரண்டு மணி நேரம் வரை பின்னால் தள்ளிப்போகிறது. அந்தப் பிள்ளை பதினொரு மணிக்கு முன் தூங்க முடியாமல் தவிப்பதும், விடியற்காலையில் கல்போலக் கிடப்பதும் சோம்பல் ஆகாது. படையில் பல வருடம் இருந்தவரின் உடல் எதிர்த் திசையில் பழகியிருக்கும். ஆகவே விடியலில் விழித்துக்கொண்டால் எழுந்து தனியாக நடந்துவிட்டு வாருங்கள். பேச்சு வருமென்றால் அது பெரும்பாலும் இரவில்தான் வரும். ஒன்பது மணிக்கே கண்ணை மூடிவிடாதீர்கள்.

கைப்பேசி பற்றி ஒரு வரி. 2014இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சிலர் ஐந்து நாள் வெளிப்புற முகாமில் எந்தத் திரையும் இல்லாமல் இருந்த பிறகு, மற்றவர் முகத்திலும் பாவனையிலும் தெரியும் உணர்ச்சிகளை முன்பைவிட நன்றாகக் கண்டுகொண்டார்கள் என்று காட்டினார்கள். சிறிய ஆய்வுதான். ஆனால் விதி இருவருக்கும் பொருந்த வேண்டும். அவன் கைப்பேசியை ஒப்படைத்துவிட்டு நிற்கும்போது உங்கள் கைப்பேசி சட்டைப் பையில் அதிர்ந்தால், அங்கேயே எல்லாம் முடிந்தது.

---

திரும்பியவன் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பூட்டை அவன்தான் 14 மாதமும் பூட்டினான். மனைவியிடம் கேட்டேன். "நீங்கள் கேட்பீர்கள் என்று ஆறு வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றாள்.

நேற்றிரவு சாவியை அவன் மேசையில் வைத்து, "இது உன் வேலை என்று எனக்குத் தெரியாது, கேட்காமல் எடுத்துக்கொண்டேன்" என்றேன். ஒன்றும் சொல்லவில்லை. பத்து மணிக்கு எழுந்துபோய்ப் பூட்டினான். பூட்டை இழுத்துப் பார்க்கும் சத்தம் என் அறைவரை கேட்டது. இரண்டு முறை இழுத்தான்.

இன்னொரு கவலையும் இருக்கிறது, எழுதத் தயக்கமாக இருக்கிறது. நான் இரவில் சரியாகத் தூங்குவதில்லை. சில நாட்களில் கத்திக்கொண்டு எழுந்திருக்கிறேன். ஒரே கூடாரத்தில் அவன் அதைப் பார்க்க வேண்டிவந்தால்?

---

மருத்துவப் பிரிவு அம்மா எழுதியது:

சகோதரரே, நான் படை மருத்துவப் பிரிவில் இருந்தவள். எனக்கும் அது உண்டு. இந்த இழையில் எல்லாரும் அப்பா, அப்பா என்றே எழுதுகிறீர்கள். திரும்பிவரும் அம்மாக்களும் இருக்கிறோம். அப்பா போனால் கடமைக்குப் போனார் என்பார்கள். நான் போனபோது எப்படி மனம் வந்தது என்று என் மகளிடமே கேட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் கேள்வியையும் அவள் 12 வயதிலிருந்து சுமந்திருந்தாள்.

கூடாரம் பற்றி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நானும் மகளும் இப்படி ஒரு முகாமுக்குப் போவதற்கு ஒரு வாரம் முன்பு அவளிடம் பகலில், வெளிச்சத்தில், நடந்துகொண்டிருக்கும்போது சொன்னேன். "எனக்குச் சில இரவுகளில் கெட்ட கனவு வரும். கத்தலாம். அது உன்னால் இல்லை, உனக்கு ஆபத்தும் இல்லை. என்னைத் தொடாதே, கொஞ்சம் தள்ளியிருந்து என் பெயரைச் சொல்லிக் கூப்பிடு, நாம் எங்கே இருக்கிறோம் என்று சொல்." அவள் கேட்டது ஒன்றுதான்: "அம்மா என்று கூப்பிடவா, பெயரைச் சொல்லியா?" பெயர்தான் என்றேன். இரண்டாம் இரவு அது நடந்தது. கூடாரத்தின் மறு மூலையிலிருந்து அவள் என் பெயரைச் சொன்னாள். பிறந்ததிலிருந்து அவள் வாயால் என் பெயரைக் கேட்டது அன்றுதான். அந்த இருட்டில் நாங்கள் இருவரும் அழுதோம். அவள் பயந்து அழவில்லை.

செய்ய வேண்டியவை: முகாம் நடத்துபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், மறைக்காதீர்கள். வாணவேடிக்கையோ துப்பாக்கிப் பயிற்சியோ நிகழ்ச்சியில் இருக்கிறதா என்று கேளுங்கள். கூடாரத்தில் வாசல் பக்கம் படுங்கள், நினைத்தபோது வெளியே வர முடிய வேண்டும். முழுதாக மூடிக்கொள்ளும் படுக்கைப் பை மூச்சுமுட்டினால், விரித்துப் போர்வையாகப் பயன்படுத்துங்கள். தீ மூட்டும்போது விறகு வெடித்துச் சத்தம் வரும், முதலில் சற்றுத் தள்ளி உட்காருங்கள். கனவு அடிக்கடி வருகிறது என்றால் முகாமுக்கு முன்பே ஒரு மனநல மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். இதை உங்களுக்கு மட்டும் சொல்லவில்லை, இதைப் படிக்கும் எல்லாருக்கும் சொல்கிறேன். சிகிச்சையைத் தள்ளிப்போட முகாமைச் சாக்காக்காதீர்கள்.

---

கயிறும் துடுப்பும் எழுதியது:

அம்மா சொன்ன ஒவ்வொன்றும் சரி. எங்களிடம் முன்பே சொன்னால் தனிக் கூடாரம்கூடப் பக்கத்தில் போட்டுக்கொடுப்போம்.

காலாள் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. ஐந்து நாளில் உறவு புதுப்பிக்கப்படும் என்று எழுதியவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது. அப்படி யாரும் வாக்குக் கொடுக்கக் கூடாது. ஆனால் படைக்காரன் காட்டுக்குள் போனால் பாசறை ஒழுங்குதான் வரும் என்பதை மட்டும் நான் ஏற்கமாட்டேன். 1907இல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் இருபது பையன்களைக் கூட்டிக்கொண்டு கூடாரம் போட்ட பேடன் பவலும் படைத் தளபதிதான். அவர்களை நான்கு குழுவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பையனையே தலைவனாக்கினார். சாரணர் இயக்கம் முழுவதும் அதிலிருந்துதான் வளர்ந்தது. 1941இல் வேல்ஸில் உள்ள அபர்டோவியில் கல்வியாளர் கர்ட் ஹானும் கப்பல் உரிமையாளர் லாரன்ஸ் ஹோல்ட்டும் தொடங்கிய அவுட்வர்ட் பவுண்ட் பள்ளியும் போர்க்காலத்தில் பிறந்ததுதான். கப்பல் மூழ்கிய பிறகு உயிர்ப் படகில் தாக்குப்பிடிக்கும் மனத்திடத்தை இளம் மாலுமிகளுக்குக் கொடுக்கவே அந்த ஒரு மாதப் பயிற்சி. துறைமுகத்தை விட்டுக் கடலுக்குப் புறப்படும் கப்பலைக் குறிக்கும் சொல்லைத்தான் அதற்குப் பெயராக வைத்தார்கள். இரண்டு இடத்திலும் பிள்ளையின் கையில் உண்மையான பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் ஓர் அடி பின்னால் நின்றார்கள். கட்டளையிடத் தெரிந்தவருக்கு அந்த ஓரடி எவ்வளவு கடினம் என்று நான் ஒவ்வொரு முகாமிலும் பார்க்கிறேன்.

---

ஓய்வுபெற்ற காலாள் எழுதியது:

ஏற்றுக்கொள்கிறேன். அந்த ஓரடியைத்தான் நான் எடுத்து வைக்கவில்லை.

---

திரும்பியவன் எழுதியது:

முகாம் முடிந்து மூன்று நாள் ஆகிறது. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதல் நாள் படகில் நான் முன்னால் உட்கார்ந்தேன். "நீங்கள் பின்னால் இல்லையா?" என்று கேட்டான். நான் திரும்பிய ஒன்பது வாரத்தில் அவனாகக் கேட்ட முதல் கேள்வி. இல்லை, நீதான் என்றேன். ஏரியின் நடுவில் காற்று பிடித்துக்கொண்டது. படகு பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே போனது. என்னையும் அறியாமல் "இடது, இடது!" என்று கத்திவிட்டேன். பின்னால் துடுப்புச் சத்தம் நின்றுபோனது. திரும்பிப் பார்க்காமல், "மன்னித்துக்கொள், நீ பார்த்துக்கொள்" என்றேன். நேராக நாணல் புதருக்குள் போய்ச் செருகிக்கொண்டோம். மற்றப் படகுகள் எல்லாம் கரையேறிவிட்டன. நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவன் துடுப்பைச் சேற்றில் ஊன்றித் தள்ளிப் பார்த்தான், முடியவில்லை. பிறகு, "நீங்கள் நாணலைப் பிடித்து இழுங்கள், நான் பின்னால் தள்ளுகிறேன்" என்றான். இழுத்தேன். வெளியே வந்தோம். கரைக்கு வந்து சேர்ந்தபோது எல்லாரும் பாதி சாப்பிட்டு முடித்திருந்தார்கள்.

பாறையில் அவன் கயிற்றைப் பிடித்தான். சாய வேண்டிய இடத்தில் நான் உறைந்துபோய் நின்றேன். கீழேயிருந்து, "பிடித்திருக்கிறேன் அப்பா" என்றான். அதற்குமேல் எழுத வேண்டியதில்லை.

இரண்டாம் நாளும் மூன்றாம் நாள் பகலும் பெரும்பாலும் மற்றப் பையன்களோடுதான் இருந்தான். ஏழு பள்ளிகளில் படித்த அந்தப் பெண் எழுதியது நினைவில் இருந்ததால் விட்டுவிட்டேன். மூன்றாம் இரவு, தீ அணைந்து எல்லாரும் போன பிறகு, பதினொன்றரை இருக்கும், சாம்பலைக் குச்சியால் கிளறிக்கொண்டே கேட்டான்: "அங்கே இருந்தபோது எங்களை நினைத்துக்கொள்வீர்களா?"

எப்போதும் நினைத்துக்கொண்டேன் என்று சொல்ல வாய் வந்தது. அது உண்மை இல்லை. "சில நாட்களில் வேண்டுமென்றே நினைக்காமல் இருந்தேன். நினைத்தால் வேலையைச் செய்ய முடியாது" என்றேன். சொல்லிவிட்டு, கெடுத்துவிட்டோம் என்று நினைத்தேன். நெடுநேரம் கழித்து, "நானும் அப்படித்தான்" என்றான். பிறகு பள்ளியில் நடந்த ஒன்றைப் பற்றிச் சொன்னான். அதை இங்கே எழுதமாட்டேன், அவனுடையது.

கனவு வரவில்லை. அவனிடம் முன்பே சொல்லியிருந்தேன். ஒவ்வோர் இரவும் எனக்கு வாசல் பக்கத்தை விட்டுவிட்டு அவன் உள்பக்கம் படுத்துக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த மறுநாளே கைப்பேசி விஷயத்தில் இருவரும் கத்திக்கொண்டோம். முதல் முறையாகச் சண்டை போட்டோம். அது நல்லதா கெட்டதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

---

பள்ளி ஆலோசகர் எழுதியது:

நீங்கள் கோபித்துக்கொண்டு மறுபடி கிளம்பிவிடமாட்டீர்கள் என்று நம்பும் பிள்ளைதான் உங்களோடு சண்டை போடும்.

---

காத்திருந்தவள் எழுதியது:

படித்து மனம் நிறைந்தது, தம்பி. உங்கள் மனைவி எப்படி இருக்கிறாள்? கேட்கக் காரணம் இருக்கிறது. என் கணவரும் மகனும் இப்படிப் போய்வந்தபோது, இருவருக்கும் நடுவில் எனக்குத் தெரியாத ஒரு பேச்சு உண்டாகியிருந்தது. இரண்டு வருடம் வீட்டைத் தாங்கியவள் நான், ஆனால் சிரிப்பு அவர்கள் இருவருக்குள் மட்டும் இருந்தது. மகிழ்ச்சிதான், ஆனால் வலித்தது. யாரிடம் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன்.

---

திரும்பியவன் எழுதியது:

அக்கா, நீங்கள் எழுதிய பிறகுதான் கேட்டேன். நாணலில் மாட்டிக்கொண்டதை நாங்கள் சொல்லிச் சிரித்தபோது அவள் எழுந்து சமையலறைக்குப் போனதை நான் கவனித்தும் விட்டுவிட்டேன். இந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் நடக்கப் போகிறோம். வழி அவள் தேர்ந்தெடுக்கிறாள்.

---

ஓய்வுபெற்ற காலாள் எழுதியது:

கயிறும் துடுப்பும் நண்பருக்கு. மகளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். கொப்புளத்தைப் பற்றி எழுதினேன், ஏழு வருடம் கழித்து. நான் சொன்ன சொல்லையும் அப்படியே எழுதி, அது தவறு என்று எழுதினேன். அவள் விரும்பினால், அவளுக்கு வசதியான ஒரு நாளில் ஒரே ஒரு பகல் நடந்துவிட்டு வரலாம், வழியும் வேகமும் அவள் சொல்வதுதான் என்றும் கேட்டிருக்கிறேன். இன்று காலை ஒரு வரி பதில் வந்தது. "நடை வேண்டாம். பாறை என்றால் வருகிறேன். கயிறு என்னிடம் இருக்க வேண்டும்."

எனக்கு 58 வயது, பாறை ஏறியதே இல்லை. வளர்ந்த பிள்ளைகளோடு வருபவர்களையும் சேர்த்துக்கொள்வீர்களா? தலைக்கவசம் நாங்கள் வாங்கிவர வேண்டுமா?

---

கயிறும் துடுப்பும் எழுதியது:

சேர்த்துக்கொள்வோம் ஐயா. தலைக்கவசம் இங்கேயே இருக்கிறது. இதயம், மூட்டு இரண்டையும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிட்டு வாருங்கள். உங்கள் உடல் எடையையும் மகளின் எடையையும் எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். நீங்கள் கனமானவர் என்றால் அவளைத் தரையோடு ஒரு பட்டையால் பிணைத்து நிறுத்த வேண்டியிருக்கும்.